தகவற் பாதுகாப்புத் தொழில்: கற்க வேண்டுவனவும் பெறத்தகு சான்றிதழ்களும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



சமயச் சொற்பொழிவும் பண்ணிசையும் நிறைந்த இவ்விழாவிலே, கணினித் தொழிலொன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இது மன்றத்துக்கு ஏற்ற பொருள்தானா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு தாயார்.

சென்ற முறை ஊருக்கு வந்திருந்தபோது, முத்துமாரியம்மன் கோயில் வாசலிலே இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, நீங்க கொழும்புல கம்பியூட்டர் வேலைதானே செய்யிறீங்க? எம் மவன் ஹெக்கிங் படிக்கணுமிங்கிறான். படிச்சா பெரிய சம்பளமாம். வகுப்புக்காரங்க கேக்கிற காசு எங்கிட்ட இல்ல. இந்தக் காப்பை அடகு வைக்கட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

கோயில் வாசலில் நின்று அவசரமாகச் சொல்லக்கூடிய மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று கூறி வந்துவிட்டேன். அந்த மறுமொழியைத்தான் இன்று இச்சபையிலே சொல்லப் போகிறேன். அவருக்குச் சொல்வது இங்கிருக்கும் எல்லாத் தாய்மாருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

தகவற் பாதுகாப்பு என்றால் என்ன?

இத்தொழிலைப் பற்றி எழுதியோர் யாவரும் மூன்று காவல்களைக் கூறுவர். ஒன்று, பிறர் அறியக்கூடாததைப் பிறர் அறியாமற் காத்தல். இரண்டு, எழுதியது எழுதியபடியே மாறாதிருக்கக் காத்தல். மூன்று, வேண்டிய வேளையில் வேண்டியவருக்குக் கிடைக்கக் காத்தல். முதலாவதைத்தான் இளைஞர் பெரிதாக எண்ணுகின்றனர். ஆனால் மலையகத் தமிழராகிய நமக்கு மற்ற இரண்டும் எவ்வளவு பெரியவை என்பதை நம் வரலாறே கற்பித்திருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தாயொருத்தி மலையேறிப் பறித்த கொழுந்து தராசிலே ஏறுகிறது. கணக்கப்பிள்ளை எண்ணை எழுதுகிறார். அந்த எண்ணிலே ஓர் இலக்கம் குறைந்தால் அவள் கூலி குறைகிறது. தராசும் சரி, அவள் பறித்ததும் சரி. ஏட்டிலே எழுதியது மட்டும் பிழை. மாறாமற் காத்தல் என்பது இதுதான். செக்ரோல் இன்று கணினிக்குள் ஏறினாலும் அக்காவலின் தேவை குறையவில்லை, கூடியே இருக்கிறது. ஏட்டிலே அழித்து எழுதினால் தடம் தெரியும். கணினியிலே அழித்து எழுதினால், தடம் காட்டும் ஏற்பாட்டை ஒருவர் முன்னரே செய்து வைத்திருந்தாலன்றித் தெரியாது. அந்த ஏற்பாட்டைச் செய்பவரே தகவற் பாதுகாப்பாளர்.

மூன்றாவது காவலுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்போது, தந்தை இந்நாட்டிலே பிறந்தவர் என்பதற்குப் பத்திரம் கேட்டார்கள். பல்லாயிரம் குடும்பங்களிடம் அப்பத்திரம் இருக்கவில்லை. உண்மை இருந்தது, உண்மையைக் காட்டும் சான்று கைக்குக் கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அக்குறையின் நிழல் நீண்டது. ஒரு பதிவு இருந்தும் வேளைக்கு உதவாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டுவதில்லை.

நம் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையை அறியாதார் இல்லை. பௌத்தரின் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே அங்குதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பர். பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் இறந்துபட, வாய்மொழியாக மட்டும் இருந்தது அழிந்துவிடுமே என்னும் அச்சமே அதற்குக் காரணம். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் ஆங்கிலேயப் படையால் அழிந்தன. எனினும் திரிபிடகம் அழியவில்லை. ஏன்? வேறிடங்களிலே படிகள் இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகள் என்றென்றைக்கும் போயின. "முக்கியமானதற்கு இன்னொரு படி, இன்னோர் இடத்தில்" என்பது இத்தொழிலின் முதற் பாடம். அதனை நம் முன்னோர் கணினி வருமுன்னரே கண்ணீரோடு கற்றனர்.

இன்றைய உலகில் நடப்பது என்ன?

2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பங்களாதேசு மத்திய வங்கியின் கணினிகளுக்குள் கள்வர் புகுந்தனர். நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளைக்கு 35 பணக் கட்டளைகளை அனுப்பினர். அவை கேட்ட தொகை ஏறக்குறைய 95 கோடி டொலர். பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. எனினும் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. மேலும் 2 கோடி டொலர் எங்கே வந்தது தெரியுமா? நம் கொழும்புக்கு. பணம் பெறவேண்டிய நிறுவனத்தின் பெயரிலே "பவுண்டேசன்" என்னும் சொல்லைக் கள்வர் எழுத்துப் பிழையாக எழுதியிருந்தனர். இடையிலே இருந்த வங்கியொன்று அதைக் கண்டு, "இது யாது?" என வினவியது. கொழும்பு வங்கியிலும், இத்துணைப் பெருந்தொகை இந்நிறுவனத்துக்கு ஏன் வருகிறது என ஐயுற்றனர். பணம் திருப்பி அனுப்பப்பட்டது.

பிறப்புப் பத்திரத்திலே பெயர் பிழையாக எழுதப்பட்டுப் பல ஆண்டு அலைந்தவர் நம்முள் பலர். ஓர் எழுத்தின் பெறுமதி நமக்குத் தெரியும். இங்கேயும் ஓர் எழுத்தை உற்று நோக்கிய கண்தான் 2 கோடி டொலரைக் காத்தது. மிகப் பெரிய பொறிகள் காணாததை, தன் வேலையைக் கவனமாகச் செய்த மனிதன் கண்டான்.

கள்வர் உள்ளே புகுந்த வழி எது? வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கி ஊழியருக்கு அனுப்பப்பட்டன என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்றப் பத்திரம் கூறுகிறது. இணைப்புக்காக விலை மலிந்த பழைய கருவிகளை அவ்வங்கி பயன்படுத்தியது என்று விசாரணை செய்தோர் கூறினர். கோட்டை வாயில் இடிந்ததற்குக் காரணம் பெரிய பீரங்கியன்று, பூட்டாத சாளரமே.

நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அரசாங்கக் கணினித் தொகுதி ஒன்று பணயம் கேட்போரால் பூட்டப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளக் கிடைக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டினது, காலங்கடந்தது. அக்காலத்துக்கான தனிப் படியும் இருக்கவில்லை. அலுவிகாரையின் பாடத்தை மறந்தமையின் விலை அது.

இவ்வாறான நிகழ்ச்சிகளால் இத்தொழிலுக்கு ஆள் தேவைப்படுகிறது. நம் நாட்டில் 2006இல் கணினி அவசர உதவிக் குழுவொன்று அரசினால் அமைக்கப்பட்டது. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துள்ளன. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களும் இதற்கென ஆட்களை வைத்திருக்கின்றன. ஆகவே அந்த அம்மாவின் மகன் தேர்ந்த தொழில் வெறுங்கனவு அன்று. அஃது உண்மையான தொழிலே.

தொழிலின் பல கிளைகள்

ஆனால் அப்பிள்ளை "ஹெக்கிங்" என்று ஒரு சொல்லிலே அதனை அடக்கியது பிழை. அனுமதி பெற்றுப் பூட்டைத் திறந்து பார்த்துக் குறை சொல்பவர் இத்தொழிலில் ஒரு சிறு பகுதியினரே. இரவு பகலாகக் கண்காணிப்பு நிலையத்தில் அமர்ந்து, கணினிகள் எழுதும் நாட்குறிப்புகளைப் படிப்போர் உளர். புதியவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்வது அங்கேதான். வலையமைப்புகளைக் கட்டிக் காப்போர் உளர். நிறுவனங்களின் நடைமுறை சரியா எனத் தணிக்கை செய்வோர் உளர். கணக்கியல் படித்த பிள்ளைகளுக்கு அது பொருந்தும். குற்றம் நடந்தபின் தடயம் தேடுவோர் உளர். சட்டம் அறிந்து ஒழுங்குவிதிகள் எழுதுவோர் உளர். ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று எந்தக் கிளையும் இல்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளும் பல உள.

என் பிழை ஒன்று

கற்பதைப் பற்றிச் சொல்லுமுன் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் லயத்திலே பிறந்து தமிழ் மொழியிற் படித்தவன். தொழில் தேடத் தொடங்கிய காலத்தில், விளம்பரம் ஒன்றை நம்பிக் கடன் வாங்கி ஒரு வகுப்பிற் சேர்ந்தேன். பழைய வினாக்களையும் விடைகளையும் மனனம் செய்வித்தார்கள். பரீட்சையிற் சித்தியும் பெற்றேன். சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். முதல் நேர்முகத்திலே ஒரு பெரியவர் கேட்டார்: "ஒரு கணினியில் இணையம் வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?" எனக்கு மறுமொழி தெரியவில்லை. அவர் சான்றிதழைத் திருப்பித் தந்து, "தம்பி, இதைப் படித்துவிட்டு வா" என்றார். கடனைக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. அவர் சொன்னபடி படிக்கவும் அதே இரண்டு ஆண்டுகள் சென்றன. முன்னதால் எனக்குப் பயன் இல்லை. பின்னதால் இன்றும் உண்ணுகிறேன்.

கற்கும் ஒழுங்கு

ஆதலின், இளைஞர்களே, கற்கும் ஒழுங்கைக் கவனியுங்கள்.

முதலாவது, கணினியையே கற்க வேண்டும். கோப்பு எங்கே இருக்கிறது, எவர் அதைத் திறக்கலாம், எவர் மாற்றலாம், எந்த வேலை பின்னணியில் ஓடுகிறது என்பவற்றை அறிய வேண்டும். விண்டோசை அறிந்தாற் போதாது; லினக்சையும் பழக வேண்டும். 1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரத்து மாணவர் லினசு தோர்வாட்சு தொடக்கிய அது, விலையின்றிக் கிடைப்பது. உலகின் பெரும் பரிமாறிக் கணினிகளிற் பெரும்பாலானவை அதிலே இயங்குகின்றன.

இரண்டாவது, வலையமைப்பு. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் என்ன நடக்கிறது? பெயர் முதலில் எண் முகவரியாக மாற்றப்படுகிறது. பின்னர் இரு கணினிகளும் "கேட்கிறதா?", "கேட்கிறது, உனக்குக் கேட்கிறதா?", "கேட்கிறது" என்று மூன்று முறை சொல்லிக் கொள்கின்றன. அதன்பின் பூட்டும் திறவுகோலும் ஒத்துக்கொள்ளப்படுகின்றன. அப்பால்தான் பக்கம் வருகிறது. இதனைத் தாளும் பென்சிலும் கொண்டு தம்பிக்கோ தங்கைக்கோ விளக்க உங்களால் முடிகிற நாளில், நீங்கள் பாதிக் கிணற்றைத் தாண்டியவர்.

மூன்றாவது, சிறிய நிரல்கள் எழுதப் பழகுதல். பைதன் என்னும் மொழி தொடக்கத்துக்கு எளிது. பத்தாயிரம் வரிகள் கொண்ட நாட்குறிப்பிலே பிழையான கடவுச்சொல்லை ஐந்து முறைக்கு மேல் இட்டவர் எவர் என்று எண்ணிச் சொல்லும் நிரலை நீங்களே எழுதிப் பாருங்கள். அது கண்காணிப்பு நிலையத்தின் அன்றாட வேலையின் சிறு வடிவம்.

நான்காவது, மொழி. இத்தொழிலில் பாதி நேரம் எழுதுவதிலே கழிகிறது. குறையைக் கண்டவர் அதை ஆங்கிலத்திலே தெளிவாக எழுதத் தெரியாவிட்டால் கண்டதும் காணாததும் ஒன்றே. அஞ்ச வேண்டா. தினமும் அரைப் பக்கம் எழுதித் திருத்திக்கொண்டால் ஓராண்டில் மாற்றம் தெரியும். சிங்களமும் கற்றுக்கொள்ளுங்கள். மும்மொழியிலும் ஒரு குறையை விளக்கத் தெரிந்தவருக்கு இந்நாட்டில் எங்கும் இடமுண்டு.

இந்நான்கும் ஓரளவு கைவந்த பின்னரே பாதுகாப்பு என்னும் ஐந்தாவது படி. இடிக்கத் தெரிவதற்கு முன் கட்டத் தெரிய வேண்டும்.

பயிலும் இடம் எது? வீட்டிலுள்ள பழைய கணினியே போதும். ஒரு கணினிக்குள் பல கணினிகளை அமைத்துப் பழகும் வேர்ச்சுவல்பொக்சு முதலிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வலையிற் செல்வதைப் பிரித்துக் காட்டும் வயர்சார்க்கும் அவ்வாறே. பயிற்சிக்கென்றே திறந்து வைத்த களங்களும் உள. லினக்சுக் கட்டளைகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் ஓவர்-த-வயரும், இணையத்தளங்களின் குறைகளைக் கற்பிக்கும் போர்ட்சுவிகர் நிறுவனத்தின் பாடங்களும் கட்டணமற்றவை. 1997இல் தொடங்கிய சிஸ்கோ வலையமைப்புக் கல்விக்கழகமும் இலவசப் பாடங்கள் சிலவற்றைத் தருகிறது. செய்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் அக்குறிப்பேடு எந்தச் சான்றிதழையும்விட நன்றாகப் பேசும்.

பட்டம் விரும்புவோருக்கு வழிகள் உள. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதலாகத் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் ஒன்றை நடத்தி வருகிறது, ஊரிலிருந்தே படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. உயர்தரத்தில் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காதவர்கள் தேசிய தொழிற் தகைமை என்னும் ஏழு படிகள் கொண்ட ஏணியை நாடலாம். அதன் ஏழாம் படி பட்டத்துக்கு நிகர்.

சான்றிதழ்களைத் தெரிதல்

இனிச் சான்றிதழ்களுக்கு வருவோம். அவற்றை மூவகையாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

முதல்வகை தொடக்கச் சான்றிதழ்கள். வலையமைப்புக்குச் சிஸ்கோவின் சீ.சீ.என்.ஏ. உளது. பாதுகாப்பின் அடிப்படைக்குக் கொம்ப்டியாவின் செக்கியூரிட்டி பிளசு உளது. பின்னதில் 90 நிமிடங்களில் 90 வினாக்கள் வரை வரும். 900க்கு 750 புள்ளி வேண்டும். இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஐ.எஸ்.சி.2 என்னும் அமைப்பும் சீ.சீ. என்ற தொடக்கச் சான்றிதழை வைத்துள்ளது. பத்து இலட்சம் பேருக்கு அதன் பயிற்சியையும் பரீட்சையையும் இலவசமாகத் தருவதாக 2022இல் அது அறிவித்தது. அச்சலுகை உங்களுக்குக் கிடைக்குமா என்பதைப் பதியுமுன் அவர்களின் தளத்திலேயே பாருங்கள். தேறியபின் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாம் வகை செய்முறைச் சான்றிதழ்கள். ஒப்செக் நிறுவனத்தின் ஓ.எஸ்.சீ.பீ. பரீட்சையிலே 23 மணி 45 நிமிடம் கணினிகளோடு போராடி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். மனனம் அங்கே செல்லாது. ஊடுருவிச் சோதிக்கும் தொழிலை விரும்புவோருக்கு அது மதிப்புடையது. ஆனால் செலவு பெரிது. அடிப்படை இல்லாதவர் அதிலே முதலில் இறங்குவது ஆழம் அறியாமற் காலை விடுவதாகும்.

மூன்றாம் வகை அனுபவம் கேட்கும் சான்றிதழ்கள். 1994இல் தொடங்கிய சீ.ஐ.எஸ்.எஸ்.பீ.யும், 1978 முதல் இசாக்கா அமைப்பு வழங்கும் தணிக்கையாளர் சான்றிதழாகிய சீ.ஐ.எஸ்.ஏ.யும் அத்தகையன. இவை ஐந்தாண்டு வேலை அனுபவத்தைக் கேட்பவை. படிப்புக்கு ஏற்பச் சிறிது கழிவு உண்டு. இருபது வயதுப் பிள்ளையிடம் "சீ.ஐ.எஸ்.எஸ்.பீ. எடுத்தால் உடனே பெரிய சம்பளம்" என்று எவராவது சொன்னால், அவர் அறியாதவர் அல்லது அறிந்து மறைப்பவர். பரீட்சையிலே தேறினாலும் அனுபவம் நிறையும் வரை முழுப் பெயர் கிடையாது. இணை உறுப்பினர் என்னும் நிலையே கிடைக்கும்.

பணம் கட்டுமுன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள்.

ஒன்று: நான் விரும்பும் வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்துப் பார்த்தேனா? அவற்றுள் எத்தனை இச்சான்றிதழைக் கேட்கின்றன?

இரண்டு: சான்றிதழை வழங்குவது உலகறிந்த பரீட்சை அமைப்பா, வகுப்பு நடத்துவோரே அச்சிட்டுக் கொடுப்பதா? கட்டணத்துக்குள் பரீட்சைக் கட்டணம் அடங்குமா?

மூன்று: அதற்கு அனுபவம் வேண்டுமா? வேண்டுமாயின் அது என்னிடம் உண்டா?

நான்கு: அது எத்தனை ஆண்டு செல்லும்? புதுப்பிக்க, ஆண்டுதோறும் வைத்திருக்க, என்ன செலவு?

ஐந்து: முதல் முறை தவறினால் இரண்டாம் முறைக்குப் பணம் உண்டா? கடன் வாங்காமற் கட்ட முடியுமா?

ஐந்தாம் வினாவின்மீது நான் சிறிது நின்று பேச வேண்டும். நம் பாட்டன்மார் காலத்திலே "துண்டு" என்றொரு சீட்டு இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டத்தைவிட்டு விலக வேண்டுமானால், அவன் பட்ட கடனை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கடனும் அவன் பின்னே புதிய தோட்டத்துக்கு நடந்து வரும். 1921இல் அம்முறை ஒழிந்தது. அக்காலத்தில் ஒரு காகிதம் நம் மக்களைக் கடனிலே கட்டி வைத்தது. நூறாண்டு கழித்து, அழகிய எழுத்தும் முத்திரையும் உடைய இன்னொரு காகிதத்துக்காக நம் பிள்ளைகள் தாமே சென்று கடனிலே கட்டுண்ணலாமா? சான்றிதழ் நம்மை விடுவிக்க வேண்டுமேயன்றிக் கட்டி வைத்தல் கூடாது.

இதனாற் சான்றிதழ் வேண்டா என்பது என் கருத்தன்று. தெரிந்த பெயரோ செல்வாக்கோ இல்லாத பிள்ளைக்கு, நேர்முக அறையின் கதவைத் திறக்க அது உதவும். என் விண்ணப்பங்களும் அதனாலேதான் பின்னர் படிக்கப்பட்டன. முதலில் கற்று, பின்னர் ஒரு தொடக்கச் சான்றிதழ் பெற்று, வேலையிற் சேர்ந்து, அடுத்ததை அவ்வேலையின் சம்பளத்தால் பெறுவதே முறை. சில நிறுவனங்கள் தம் ஊழியரின் பரீட்சைக் கட்டணத்தைத் தாமே செலுத்துவதும் உண்டு.

ஒழுக்கம்

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ரொபேட் மொறிசு என்னும் அமெரிக்க மாணவர் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அவருக்கு வயது 22. அது அவர் எண்ணியதைவிட விரைவாகப் பெருகி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. கணினி அவசர உதவிக் குழு என்ற அமைப்பு உலகில் முதன்முதல் தோன்றியதும் அதனாலேதான். மொறிசு நீதிமன்றம் ஏறினார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் பேராசிரியரானார். ஆனால் எல்லோருக்கும் அத்தகைய இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கும் என்று எண்ண வேண்டா. சிறப்பாக நம் பிள்ளைகள் எண்ண வேண்டா. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் புகுதலே குற்றம். ஒன்றையும் எடுக்காவிட்டாலும் குற்றமே. ஐந்தாண்டு வரை சிறை உண்டு. "விளையாட்டுக்குச் செய்தேன்", "தோழியின் கணக்கைத்தான் திறந்தேன்" என்பவை நீதிமன்றத்தில் செல்லா. எழுத்து மூலமான அனுமதியின்றி எதையும் தொடாதீர்கள். இத்தொழிலில் ஒருவரை வேலைக்கு எடுப்போர் முதலிற் கேட்பது, "இவரிடம் திறவுகோலை நம்பிக் கொடுக்கலாமா?" என்பதே. கோயில் உண்டியற் சாவியை எவரிடம் கொடுப்போம் என்று நினைத்துப் பாருங்கள், அதே அளவுகோல்தான்.

மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களுக்கும் மன்றத்தாருக்கும் சில விண்ணப்பங்கள் உள. மன்றத்திலே இரண்டு மூன்று பழைய கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் கொண்ட சிறு பயிலிடம் ஒன்று அமைத்தால், வாரத்தில் இரண்டு மாலை பத்துப் பிள்ளைகள் பழகலாம். பாடநூல் வாங்கும் செலவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் எவர் தலையிலும் பாரம் இல்லை. இவ்வூரிலிருந்து சென்று இத்தொழிலில் இருப்போர், மாதம் ஒருமுறை வந்து பாடம் சொல்லலாம். நான் வருவேன், இச்சபையில் வைத்தே வாக்களிக்கிறேன்.

பயிலும் பிள்ளைகள் கைம்மாறாக ஊருக்கு உழைக்கலாம். "உங்கள் கணக்கு முடக்கப்படும், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று வங்கியின் பெயரால் பேசுவோரிடம் முதியோர் தம் சேமிப்பை இழக்கின்றனர். எந்த வங்கியும் அவ்விலக்கத்தைக் கேட்பதில்லை என்பதை லயம் லயமாகச் சென்று சொல்லுங்கள். மன்றத்தின் பழைய ஆண்டு மலர்களையும் குறிப்பேடுகளையும் படமெடுத்து, ஒரு படியை இங்கேயும் இன்னொரு படியை வேறிடத்திலும் வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் என்னும் அமைப்புக்கும் ஒன்றை அளியுங்கள். தகவற் பாதுகாப்பில் உங்கள் முதல் செய்முறைப் பயிற்சி அதுவாகட்டும்.

நிறைவாக, அந்த அம்மாவுக்குரிய மறுமொழி. அவர் இச்சபையில் இருக்கிறாரோ அறியேன். இல்லையாயின் அவர் மகனின் நண்பர் எவராவது இதைச் சொல்லுங்கள்.

"அம்மா, காப்பை அடகு வைக்க வேண்டாம். அது உங்கள் கையிலேயே இருக்கட்டும். மகன் தேர்ந்த தொழில் நல்ல தொழில்; அவனைத் தடுக்கவும் வேண்டாம். ஆறு மாதம், நாளுக்கு இரண்டு மணி நேரம், காசில்லாமற் கிடைப்பதை முதலிற் படிக்கட்டும். குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு மன்றத்துக்கு வரட்டும். அதைப் பார்த்து, அவன் எந்தப் பரீட்சைக்கு எழுதலாம் என்று நாங்கள் சேர்ந்து சொல்கிறோம். அதற்கும் கட்டணம் கூடினால் அதை எப்படிக் கட்டுவது என்பதையும் சேர்ந்தே யோசிப்போம். ஆறு மாதத்தில் அவனுக்கு இது பிடிக்காமற் போனால், உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை."